நிலவரப் பலகை

காலை ஆறேகாலுக்குப் பலகையில் நான் எழுதுவது இவ்வளவுதான்:
பாறை – ஈரம்.
காற்று – கிழக்கிலிருந்து, சுமார்.
யானை – மூன்று, அதில் ஒன்று கன்று. நேற்றிரவு ஓடையருகே.
தேன்கூடு – பதினொன்று. சென்ட் பூசி வரவேண்டாம்.
ஏற்றம் – இல்லை.

பெட்டமுகிலாளத்துக்கு மேலே, மார்கழியில்
எல்லாம் நமுத்துப்போகிறது:
தீக்குச்சி, வாக்கிடாக்கி, பொட்டலத்து வர்க்கி,
சுண்ணக்கட்டி, அதனால் என் கையெழுத்து.

திம்மராயன் மட்டும் நமுப்பதில்லை.
பதினேழு வருடம் பட்டாளம்,
அதில் ஐந்து மாதம் பனியாற்றின் மேல்.
வலது காலில் இரண்டு விரல் அங்கேயே தங்கிவிட்டன.
'என்ன குளிர்' என்று நான் சொன்னால்
சிரிக்கக்கூட மாட்டான்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
ரோந்துக்குக் கிளம்பிவிடுவான்.

அங்கே ரோந்து என்றால்
ஐந்து பேரும் ஒரே கயிறாம்.
முன்னால் போகிறவன் கம்பால் குத்திப் பார்ப்பானாம்,
அடியில் பனியா, பனி மூடிய பள்ளமா என்று.
இங்கே அவனும் நானும்தான்.
கயிறு கிடையாது.
ஆனாலும் அவன் கம்பு
பாறையைத் தட்டிக்கொண்டே போகிறது,
டொக், டொக்,
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தபால்காரன் தட்டுவதுபோல.

வியாழக்கிழமை
உண்ணிச்செடி மறைவில் ஒரு பைக்.
இன்ஜினில் இன்னும் வெதுவெதுப்பு.
பலகையில் 'இல்லை'யை
யாரோ கட்டைவிரலால் அழித்திருந்தார்கள்.
ஏற்றம் –
அவ்வளவுதான் மிச்சம்.

கோழிக்கொண்டைப் பாறைக்கு இரண்டு வழி.
தெற்கில் பத்தரைக்கு வெயில் வரும்.
வடக்கில் தை பிறந்தாலும் வராது.
அங்கே பாசி கறுப்பு, பாறையின் நிறமேதான்,
கால் வைத்த பிறகே பாசி என்று தெரியும்.
போட்டோவுக்கு வடக்குதான் அழகு.
அவன் வடக்கில் இருந்தான்.

விழவில்லை. நின்றான்.
உள்ளங்கை அகல விளிம்பில்
பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
தலைக்கு மேல் எட்டடியில் மலைத்தேனீக் கூடு,
ஈரச்சாக்குபோலத் தொங்கியது.
கூப்பிட முடியாது. விசிலும் ஆகாது.
திம்மராயன் என்னைப் பார்த்தான்,
நான் சாவடியைப் பார்த்தேன்,
ஓடினேன்.

தடுப்புக் கம்பத்தின் நைலான் கயிற்றை
அரிவாளால் அறுத்தேன்.
கம்பம் மேலே போய்
வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அவன் பூட்ஸைக் கழற்றினான்.
அந்தக் காலை அன்றுதான் பார்த்தேன்.
மூன்று விரலும் ஒவ்வோர் அடியாகப்
பாசியை விசாரித்து நகர்ந்தன.
வேங்கை மரத்தைச் சுற்றிக் கயிறு,
என் இடுப்பில் கயிறு, அவன் இடுப்பில் கயிறு,
கடைசியில்
ஓசூரில் பிரஸ் மிஷின் ஓட்டும் யஷ்வந்த்,
வயது இருபத்திரண்டு, நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன்.
தேனீக்கள் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

இறங்கியபின் ஒரு மணிநேரம் அவன் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"உச்சியிலேர்ந்து பாத்தா என்னண்ணா தெரியும்?"
திம்மராயன் யோசித்தான்.
"மேகம் விலகினா பஞ்சப்பள்ளி டேம் தெரியும்.
தகரத்துண்டு மாதிரி."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
அபராத ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
பையன் அழுதான்.

மறுநாள் ரேஞ்சரிடமிருந்து மெமோ.
ஏழு நாற்பதிலிருந்து பதினொன்று இருபதுவரை
சாவடி திறந்து கிடந்தது ஏன்?
பதிவேட்டில் ஏறாமல் எத்தனை வண்டி போயின?
தெரியாது என்று எழுதினேன்.
தெரியாதுதான்.
கல் போயிருக்கலாம், கட்டை போயிருக்கலாம்.
அதை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை,
பையனை நினைத்து ஓர் இரவு.

அறுந்த கயிற்றைக் கம்பத்தில்
திம்மராயனே கட்டினான்,
பனியாற்றில் பழகிய முடிச்சு.
இழுக்க இழுக்க இறுகுகிறது.
அவன் மலையில் இருக்கிறான்.
விடிந்தும் விடியாமல்
ராயக்கோட்டைக்குப் போகும் தக்காளி வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.
விரல் விறைத்து,
பல்லால் இழுத்துப் பார்க்கிறேன்.
அவிழ மாட்டேன் என்கிறது.